கரடிக்கு ஒரு துவக்கு

மிச்சம் என்ற ஊரிலிருந்து குரோய்டன் போகும் ட்ராமில் என் பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்காரர், விதவிதமான துப்பாக்கிப் படங்கள் நிறைந்த துவக்குப் புத்தகமொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளைத் தொடுமுன்னும் கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்தார். கனடாவில் மகளின் பண்ணையில் போய் இருக்கப் போகிறாராம். அங்கே கரடி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்குமாக ஒன்று வாங்க வேண்டுமாம்.

"இது கீழ்ப்பிடியை இழுத்து ரவை ஏத்திறது. மரப்பிடி எண்டால் மழையிலை ஊறிப்போம். இந்தத் துருப்பிடிக்காததுதான் சரி" என்றார்.

"முந்தித் துவக்குப் பிடிச்சிருக்கிறியளோ, அண்ணை?"

"ஓம். அப்ப இயக்கத்திலை தந்ததைப் பிடிச்சது. இதுதான் நானாத் தெரிஞ்செடுக்கிறது."

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "திரும்பிப் போற கரடியைச் சுடத் தேவையில்லைத்தானே, தம்பி?"

கரடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "தேவையில்லை அண்ணை" என்றேன். அவர் முகம் தெளிந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.