அண்ணையின் துவக்கு

லண்டன் ரெய்னர்ஸ் லேன் தமிழர்களில் துவக்கு வைத்திருந்தவர், எனக்குத் தெரிந்து, என் அண்ணை ஒருவர்தான். நோர்வேயில் மீன் ஆலையில் வேலை செய்தபோது பக்கத்து வீட்டுக்காரரோடு முயல் வேட்டைக்குப் போய்ப் பிடித்த பைத்தியம் அது. லண்டனுக்கு வந்தும் விடவில்லை. பொலிசில் முறையாக அனுமதி எடுத்து, மாடியில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே போய், மேலே எறிகிற மண் தட்டுகளைச் சுட்டுவிட்டு வருவார். துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த மனிதர், காசு கொடுத்து ஒன்றை வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணி அதைத் தன் சக்களத்தி என்பார்.

அண்ணி காலமான மாரிகாலத்தோடு அண்ணை ஒடுங்கிப்போனார். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் நின்றது. "நான் இருந்து என்ன செய்யிறது?" என்று ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். அலுமாரித் திறப்பு மட்டும் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எனக்கு அந்தத் திறப்பை நினைத்துத்தான் பயம். கெஞ்சிக் கூத்தாடி அவரை ஹரோவில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்புக்கும் நான்தான்.

டொக்டர் இளம் வெள்ளைக்காரப் பெண். சாப்பாடு, நித்திரை, குடி எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "வீட்டில் துவக்கு ஏதும் இருக்கிறதா?" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அண்ணையின் முதுகு நிமிர்ந்தது.

"இல்லையெண்டு சொல்லு."

சட்டப்படி வாங்கிய துவக்கு, பொலிசுக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அது எங்கள் நாக்கில் ஊறிவிட்டது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்குத் தலையை ஆட்டி ஆள் காட்டிக்கொடுத்தவனைத் தலையாட்டி என்போம். அதைவிடக் கேவலமான பேச்சு எங்களிடம் இல்லை.

"இருக்கிறது டொக்டர்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "திறப்பு இவருடைய பையில்."

அண்ணைக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். சுகமாகும்வரை அதை வேறு இடத்தில் பாதுகாப்பாக வைக்கலாமா என்று டொக்டர் தணிவாகக் கேட்டபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

பஸ்சில் யன்னலைப் பார்த்தபடி, "தலையாட்டி," என்றார்.

"ஓம் அண்ணை, தலையாட்டிதான். நீங்கள் உயிரோட இருந்தாக் காணும். என்ன பேர் வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"அந்த டொக்டர்ப் பிள்ளையெண்டாலும் கேட்டுது," என்றார். "நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. பயந்து பயந்து என்ரை பொக்கற்றைப் பாத்துக்கொண்டு திரிஞ்சியள்."

பிறகு கையை விரித்துத் திறப்பை என் மடியில் வைத்தார். அது சூடாக இருந்தது. டொக்டரின் அறையில் தொடங்கி இவ்வளவு நேரமும் அவர் அதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்திருக்கிறார்.