உள்ளே இருந்து கூப்பிட்டவர்

பொழுது சாய்ந்த பிறகு எவருடைய வீட்டுக்குள்ளும் சர்க்கார் ஆள் நுழையக் கூடாது. வீடு தீப்பற்றினால் வரலாம், வெள்ளம் புகுந்தால் வரலாம், உள்ளே இருந்தே யாராவது கூப்பிட்டால் வரலாம். மற்றபடி விடியும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுச்சேரியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு லீவில் சைக்கிள் மிதித்து வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். கரும்பாலையில் வெல்லப்பாகு கிண்டிக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. அவர்களில் ஒருவர் கொதிக்கிற கொப்பரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தச் சட்டம் திருடனுக்குத் தெரியுமா தம்பி? அவன் அந்த நேரத்துலதான வரான்" என்று கேட்டார். ஆலையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, திருடன் வேறு, சர்க்கார் வேறு என்று விளக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டவர் அண்ணன் ஒருவர்தான். அப்பா அம்மா போன பிறகு வீடும் நிலமும் அவர் பொறுப்பில் இருந்தன. என்னைப் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல 'முசியே' என்று கேலியாகக் கூப்பிடுவார். ஆனால் அன்று கேலி செய்யவில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, உள்ளே இருந்து கூப்பிடுவது என்றால் யார் கூப்பிட வேண்டும், பொம்பளை கூப்பிட்டாலும் செல்லுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் யார் கூப்பிட்டாலும் செல்லும், பெரியவர் கூப்பிட்டால் கேள்வியே இல்லை என்றேன். "நல்லாத்தான்டா எழுதி வச்சிருக்கான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே லீவில் தனக்குப் பிரெஞ்சில் கையெழுத்துப் போடக் கற்றுத்தரச் சொன்னார். அதுவரை தமிழில்தான் போடுவார். நான் என் கையெழுத்தைப் போலவே ஒன்று செய்து கொடுத்தேன்: முதல் எழுத்துப் பெரிதாக, கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி முழுப் பெயருக்கும் அடியில் கோடாக ஓடும். எருமுட்டை தட்டிய சுவரில்கூடக் கரித்துண்டால் எழுதிப் பழகினார். எதற்கு என்று கேட்டதற்கு, பாண்டிச்சேரிக் கடைக்காரன் மதிப்பான் என்றார்.

அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். கரையாம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் காய்ச்சலில் போய், ஒரு வருஷத்துச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, மகளையும் தன் நகைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெட்டியில் அம்மா போட்ட காசுமாலை இருந்தது. அத்தான் கல்யாணத்தன்று போட்ட அட்டிகையும் கை வங்கிகளும் இருந்தன. பெண்ணுக்குச் செய்த சின்ன வெள்ளிக் கொலுசும் இருந்தது. அவளுக்கு நிலம் கிடையாது, ஆண் பிள்ளை கிடையாது. தன் மகளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்தப் பெட்டி மட்டுந்தான்.

நான் லீவில் ஊரில் இருந்த ஒரு வியாழக்கிழமை, கரையாம்புத்தூர் சந்தைக்குப் போய்வந்த வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். அக்காவின் மாமனார், மருமகள் குடும்ப நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று போலீசில் பிராது கொடுத்திருக்கிறாராம். அந்த மாமனார், எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் சேர்ந்த கொம்யூனுக்குத் தலைவராக, அதாவது மேராக இருந்த பெரிய பண்ணைக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. மேர் கண்ணசைத்தால் காகிதம் நகரும் என்பது ஊருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கா பெட்டியைத் துணியில் கட்டிவிட்டாள். ஆற்றைத் தாண்டினால் கடலூர்ச் சீமை, இங்கிலீஷ்காரன் ஆட்சி. எங்கள் தாய்மாமன் வீடு அக்கரையில் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்தப் பக்கத்துப் போலீஸ் தொட முடியாது. நான் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

அண்ணன்தான் தடுத்தார். வெள்ளிக்கிழமை அதுவுமாய் வீட்டுத் தங்கம் வாசல்படி தாண்டலாமா என்றார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை உப்புக்கூட இரவல் கொடுக்க மாட்டார்கள். கேட்டுவந்தவர்களிடம் நாளைக்கு வா என்பார்கள். அண்ணி உடனே, "ஆமாங்கண்ணு, ஏற்கெனவே பட்டது போதாதா, இன்னைக்கி வோணாம்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை விடியற்காலையில் தானே கொண்டுபோய் வைப்பதாக அண்ணன் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று நானும் சொன்னேன். நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு வேண்டும், மேரோ அவருடைய ஆளோ கூட வர வேண்டும், பொழுது இருக்க வேண்டும், இத்தனையும் ஒன்றுசேர நாளாகும் என்றேன். அக்கா துணி முடிச்சை அவிழ்த்து, பெட்டியை மறுபடி நெல் குதிருக்குப் பின்னால் வைத்தாள். அண்ணன் வேட்டியை மாற்றிக்கொண்டு, வில்லியனூர்வரை ஒரு வேலை என்று புறப்பட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பினார். வந்ததும் தலை வலிக்கிறது என்று உள் அறையில் படுத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்து, கரும்புக் கொல்லையின் நிழல் எங்கள் வாசல்வரை நீண்டிருந்தபோது போலீஸ் அதிகாரியான பிரிகாதியே இரண்டு சிப்பாய்களோடு வந்தார். கூடவே மேரின் ஆள் ஒருவர், குடையை ஊன்றிக்கொண்டு. பிரிகாதியே நம் ஊர்க்காரர்தான். சிவப்புத் தொப்பியும் பொத்தான் வைத்த சட்டையும் போட்டிருந்தாலும் பேச்சு எங்கள் பேச்சு.

நான் வாசல்படியில் இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். புத்தகத்தில் படித்தது உயிரோடு நடந்து வருகிறது என்ற துடிப்புத்தான் இருந்தது. உத்தரவு எங்கே என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் தமிழில், "இருக்குது தம்பி" என்று எடுத்துக் காட்டினார். நீதிபதி கையெழுத்து இருந்தது. குடையோடு நின்ற மேரின் ஆளையும் சுட்டிக் காட்டினார். எனக்கு மிச்சம் இருந்தது சூரியன் ஒன்றுதான்.

உத்தரவை ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகப் படித்தேன். படித்ததைத் தமிழில் சொன்னேன். சொன்னதை மறுபடி பிரெஞ்சில் சரிபார்த்தேன். எந்தெந்த நகை என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் எடுக்கலாம் என்று சொல்லி, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டேன். பிரிகாதியே முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு மேற்கே பார்த்தார். "தம்பி, நீ படிக்கல, பொழுதுக்கு வழி வுடறே" என்றார்.

உள்ளே இருந்த அண்ணிக்கு அது கேட்டிருக்கிறது. வழக்கமாக விளக்கு வைக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் ஓடிப்போய்க் கைகால் அலம்பி, கொல்லைக் கதவைச் சாத்தி, மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டாள். விளக்கு வைக்கும்போது வாசல் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும் என்பதால் சுடர் தெருவில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. வயதான சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டார். "விளக்கு வச்சிட்டாங்கய்யா. இனிமே எப்பிடி உள்ள போறது" என்று பிரிகாதியேயிடம் மெதுவாகச் சொன்னார்.

மேற்கில் இன்னும் சிவப்பு இருந்தது. ஆனால் பிரிகாதியே தர்க்கம் பண்ணவில்லை. சட்டத்துக்குப் பொழுது, ஊருக்கு விளக்கு, இரண்டும் சேர்ந்து அவரை ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டன. விடியும்வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். உட்காரட்டும் என்று நினைத்தேன். வெட்டாத கரும்பு கொல்லைக் கதவுவரை நின்றது. இரண்டு சிப்பாய்களால் அந்தக் காட்டைக் காவல் காக்க முடியாது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். குதிர் ஓரம் நின்றவள் முகத்தில், அத்தான் போன பிறகு நான் பார்த்திராத ஒரு சின்னச் சிரிப்பு.

அப்போதுதான் உள் அறையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். சட்டை போட்டு, தலை சீவியிருந்தார். என்னைத் தாண்டவில்லை. எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளேயே நின்றார்.

"பிரிகாதியே ஐயா, உள்ள வாங்க. இந்த வூட்டுக்குப் பெரியவன் நான். நான் கூப்புடறேன்."

நான் சொல்லிக் கொடுத்தது அப்படியே இருந்தது. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

என் கைகள் நிலையில்தான் இருந்தன. பிரிகாதியே அவற்றைத் தொடவில்லை. "கைய எடு தம்பி, இப்பவும் சட்டந்தான்" என்றார். எடுத்தேன்.

அண்ணி விளக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னா பண்ணிட்ட நீ" என்று அண்ணனைக் கேட்டாள். புருஷனை அவள் நீ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். போலீஸ் ராத்திரி பூராவும் வாசலில் நின்றால் ஊர் என்ன பேசும், வீட்டு மானம் என்ன ஆகும், தங்கச்சிக்குச் சோறு போடாமல் விட்டுவிடுவேனா என்று அண்ணன் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். குதிருக்குப் பின்னால் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சிப்பாய்கள் நேரே அங்கேதான் போனார்கள்.

பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரிகாதியே பெயர் சொல்ல, மேரின் ஆள் தலையாட்டினார். அம்மா போட்ட காசுமாலையும் பட்டியலில் இருந்தது. அது எங்கள் அம்மாவுடையது என்றேன். கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றார்கள். கொலுசு மட்டும் பட்டியலில் இல்லை. அதைத் தொடக் கூடாது என்று நான் கத்தினேன். பிரிகாதியே உத்தரவைப் பார்த்துவிட்டு, அதை எடுத்து அக்காவின் மகள் கையில் கொடுத்தார். பெட்டியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கைச் சொட்டி, அக்கா பார்க்க முத்திரை வைத்தார். சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு 'ப்ரொசே வெர்பால்' எழுதினார். என்ன நடந்தது, என்ன எடுத்தோம் என்று போலீஸ் எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கும் அறிக்கை அது. அக்காவிடம் பெருவிரல் ரேகை கேட்டார்கள். அவள் என்னிடம், எழுதினதைப் படி என்றாள். படித்தேன். 'பொழுது சாய்ந்திருந்தபடியால் வெளியே நின்றோம். வீட்டின் உள்ளிருந்து அழைக்கப்பட்டபடியால் உள்ளே சென்றோம்' என்று இருந்தது.

"யாரு கூப்புட்டதுன்னு போடலியா?"

"போடலக்கா."

"அப்ப நாளைக்கிப் படிக்கிறவன், திருடினவளே கூப்புட்டுக் குடுத்துட்டான்னுதான நெனப்பான்."

பெயரை எழுதாமல் ரேகை வைக்க மாட்டேன் என்று அவள் கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள். வீட்டார் ஆட்சேபம் சொன்னால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் பிரிகாதியேயிடம் சொன்னேன். அவர் எழுதினார். அழைத்தவர் அக்காவின் உடன்பிறந்த மூத்த சகோதரர் என்று எழுதி, பெயரும் போட்டு, அப்படியானால் அவரும் கையெழுத்திட வேண்டும் என்று பேனாவை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் குனிந்து பிரெஞ்சில் போட்டார். முதல் எழுத்துப் பெரிதாக. கடைசி எழுத்தின் வால் இறங்கி, பெயருக்கு அடியில் கோடாக ஓடியது. தடுமாறாமல் போட்டார். எவ்வளவு நாளாகப் பழகியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த கொம்யூன் தேர்தலில் மேரின் வேட்பாளர் பட்டியலில் அண்ணன் பெயர் வந்தபோது, அந்தக் கையெழுத்து எதற்கு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டி இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. அரக்கு விரிசல்கூட விடவில்லையாம்.

போலீஸ் தெருமுனை தாண்டியதும் அக்கா மகளைக் கிளப்பினாள். அண்ணி அழுதுகொண்டு வழியை மறித்தாள். விளக்கு வைத்த வெள்ளிக்கிழமையில் பெண் படி இறங்கக் கூடாது என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "தங்கம் எறங்கிப் போச்சே அண்ணி. நான் எறங்கினா இன்னா" என்றாள். அண்ணன் கூடத்திலிருந்து வெளியே வரவில்லை. அக்காவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் அவர்களோடு ஆறுவரை போனேன். தை மாதத்து ஆறு, தண்ணீர் ஒரு ஓரமாக முழங்காலளவு ஓடியது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டேன். அவள் கையிலிருந்த கொலுசு என் காதோரம் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. நடு மணலில் அக்கா நின்றாள். இங்கிருந்து யார் சட்டம் என்று கேட்டாள். இங்கிலீஷ்காரன் சட்டம் என்றேன்.

"அங்கயும் கூடப் பொறந்தவன் கூப்புட்டா உள்ள வருவாங்களா?"

எனக்கு இங்கிலீஷ் சட்டம் தெரியாது. வாயைத் திறந்தேன்.

"படிச்சிட்டு வந்து சொல்றேன்னு மட்டும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு, என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு அக்கரை ஏறினாள்.