ஆவுளியா மேயும் இடத்தில்

போன மாதம் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு கண்ணாடிப் படகில் ஏறினேன். அடித்தளம் முழுக்கக் கண்ணாடி. உட்கார்ந்தபடியே குனிந்து பவளப்பாறையைப் பார்க்கலாம். எனக்கு நீச்சல் தெரியாது... வேறு வழி?

படகோட்டி சேவியர். அப்பா காலத்திலேயே பாம்பன் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மீனவக் குடும்பம். கூட வந்தவை சென்னையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள். கார்த்திக் என்பவர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி.

வழியில் மஞ்சள் மிதவைகள் கட்டிய ஒரு பகுதி வந்தது. அடியில் கடற்புல். அங்கே படகுகள் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பது விதி. சேவியர் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன பாஸ், இறங்கி நடந்துடலாம் போலிருக்கே?" என்றார் கார்த்திக்.

"ஆவுளியா மேயுற எடம் சார். கடல்பசுன்னு சொல்வாங்கல்ல, அது. மூச்சு விட மேல வரும். கொஞ்சம் பொறுங்க."

"மூணு மணிக்கு ஃபெர்ரி. அதுக்குள்ள கோரல் பார்க்கணும், பீச்சுக்குப் போகணும். இவ்வளவு தூரம் வந்தது வெறும் தண்ணியைப் பார்க்கவா?"

"மெதுவாகவே போகட்டுமே" என்றேன்.

"சார், நீங்க ரைட்டர். உங்களுக்கு டைம் இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கார்த்திக் படகு முதலாளிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சேவியரிடம் நீட்டினார்.

"சேவியர், போன வாரமும் இதே கம்ப்ளைண்ட். கஸ்டமர் சொல்றபடி ஓட்டு. முடியலன்னா சொல்லு, வேற ஆள் இருக்கான்."

"டீக் ஹை சேட்" என்று முதலாளிக்கு இந்தியில் சரி சொன்னார் சேவியர். எஞ்சின் உறுமியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அடியில் தொம் என்று ஒரு இடி. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் சிவந்தது. குனிந்துதானே உட்கார்ந்திருந்தோம்... எல்லோரும் பார்த்தோம்.

பின்பக்கம் அது மேலே வந்தது. சாம்பல் நிற முதுகில் வரிசையாக வெட்டுகள். பக்கத்தில் ஒரு கன்று. தாயின் விலாவில் முகத்தை வைத்து முட்டிக்கொண்டே இருந்தது.

சேவியர் எஞ்சினை நிறுத்தினார். போனை எடுத்தார்.

"யாருக்குப் பண்றீங்க?" என்றார் கார்த்திக்.

"ஃபாரஸ்ட் ஆபீசுக்கு சார்."

"வேண்டாங்க. யாரும் பார்க்கல. நீங்கதான் மாட்டுவீங்க. எங்களுக்கும் ஃபெர்ரி போயிடும்."

"நா பாத்துட்டேன்ல சார்" என்றார் சேவியர்.

வனத்துறைப் படகு வருவதற்குள் தாய் செத்துவிட்டது. வாலில் கயிறு கட்டிப் படகோடு சேர்த்துக் கரைக்கு இழுத்தார்கள். கன்று அந்தக் கயிற்றின் பின்னாலேயே வந்தது. முழங்கால் ஆழம் வரை வந்தது. ஊழியர் இருவர் அதைக் கையால் தள்ளித் தள்ளித் திருப்பி அனுப்பினார்கள். "புல்லு மேயுற அளவுக்கு வளந்துருச்சு, பொழைச்சாலும் பொழைக்கும்" என்றார் ஒருவர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

ஃபெர்ரி போய்விட்டது. கார்த்திக்கின் மனைவி மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

பிறகு? சேவியரின் பர்மிட் போனது. வழக்கு நடக்கிறது. வேகமாக ஓட்டச் சொல்லவே இல்லை என்கிறார் முதலாளி. இணையத்தில் அந்தப் படகுக்குப் புதிதாக ஒரு விமர்சனம்: 'டைம் மேனேஜ்மென்ட் மோசம். ஃபெர்ரியைத் தவறவிட்டோம்.' கடல்பசுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுற்றுலாக்காரர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி – திருப்தியா? கடலைக் காப்பாற்றுகிற விதிகள் நமக்கு முதலில் ஒரு தொந்தரவாகத்தான் தெரிகின்றன. இங்கே போகாதே, அதைத் தொடாதே, மெதுவாகப் போ... காசு கொடுத்தவனை இப்படியா நடத்துவது என்று கோபம் வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று ஊர்ந்தே போயிருந்தால், ஒரு தாயும் கன்றும் மேய்வதை அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்திருப்போம். அதைவிடப் பெரிய திருப்தி எந்த பீச்சில் கிடைத்திருக்கும்?

சென்ற வாரம் சேவியரிடம் பேசினேன். இப்போது படகுத்துறையில் மூட்டை இறக்குகிறார். கன்றைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கு சார். போட்டு சத்தம் கேட்டா ஓடி ஒளியாம கிட்ட வருதாம். அதோட அம்மாவ போட்டுலதான கட்டி இழுத்துட்டுப் போனாங்க..."



அந்தமான் போகிறவர்களே... உங்கள் படகு ஊர்ந்தால், தயவுசெய்து ஊரவிடுங்கள்.