நைனாவின் சுக்கு பிஸ்கட்

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் ஜெபமணிக்கு இருபத்தாறு வருஷமாக வேலை. கூழ் புளிக்கத் தொடங்கிவிட்டதா என்பதை இயந்திரம் காட்டுவதற்குள் அவள் மூக்கு சொல்லிவிடும். டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது போவாது, தள்ளி வையி" என்பாள். மேனேஜர்கூட மறுபேச்சு பேசமாட்டார். 2021-இல் அவளுக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. வாசனை மட்டும் திரும்பவே இல்லை. மூன்று டாக்டர்களைப் பார்த்தும் பயனில்லை. ஆலையில் அவளை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். காபி, மல்லிகை, மழை விழுந்த மண் எல்லாம் போனதையும் தாங்கிக்கொண்டாள். நைனாவின் சுக்கு பிஸ்கட் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்பா தேவானந்தத்தைத்தான் நைனா என்பாள். அவர் மிஷன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ரொட்டி சுட்டவர். டிசம்பர் மாதம் முழுக்க நோயாளிகளுக்காக சுக்கு, கிராம்பு, பட்டை இடித்துப் போட்டு, வெல்லப்பாகில் மாவு பிசைந்து பிஸ்கட் சுடுவார். உடைந்தவை வீட்டுக்கு வரும். அவர் சட்டைப் பையில் கையை விட்டால் சூடு ஆறாத துண்டுகள் கிடைக்கும். ஜெபமணிக்குப் பத்து வயதாகும்போது மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்த பிஸ்கட்டைச் செய்யவில்லை. ஆனால் எங்காவது கிராம்பு வறுபட்டால் போதும், அவர் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும். நாற்பது வருஷம் அப்படித்தான் அவரைத் தன்னோடு வைத்திருந்தாள்.

சென்ற டிசம்பரில் திருப்பதியிலிருக்கும் தம்பி பென்னி வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னாள். பென்னி எலக்ட்ரீஷியன். அவன் மனைவி சுஜிதா வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள்.

"செஞ்சி பாக்கலாமா அக்கா? கேக் அடுப்புதான் கீதே," என்றான் பென்னி.

"செஞ்சி இன்னாடா பண்றது? எனுக்கு மூக்கு இல்ல. உனுக்கு அத துன்ன ஞாபகம் இல்ல."

அது உண்மைதான். நைனா இறந்தபோது பென்னிக்கு மூன்று வயது. அவர் முகமே அவனுக்குப் போட்டோவில் பார்த்ததுதான். யாராவது நைனாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடுவான்.

இருந்தும் மறுநாள் காலை மூவரும் வேலையில் இறங்கினார்கள். அளவு எதுவும் ஜெபமணிக்குத் தெரியாது. சுக்கின் எரிச்சலும் கிராம்பின் மரமரப்பும் மட்டும் நாக்குக்கு இன்னும் தெரிந்தன. முதல் தட்டில் ஒன்றைக் கடித்தாள். "எரிச்சல் பத்தல. துன்னு முடிச்சப்புறமும் தொண்டையில நிக்கணும்." இரண்டாவது தட்டு மெத்தென்று வந்தது. "நைனாவுது உடைக்கும்போது சத்தம் கேக்கும்." சுஜிதா மாவை இன்னும் மெலிதாகத் தேய்த்தாள்.

மூன்றாவது தட்டை சுஜிதா அடுப்பிலிருந்து வெளியே இழுத்தபோது, ஏதோ பேசிக்கொண்டிருந்த பென்னி சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா, நைனா என்ன தோள்ல தூக்கிக்கினு போவாரா?"

"ஆமா. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் தூக்கிக்குவாரு."

"தலையில துண்டு கட்டியிருப்பாரா? மாவு படிஞ்ச துண்டு?"

போட்டோவில் அந்தத் துண்டு இல்லை. ஜெபமணியும் ஒருநாளும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

"ஆமாண்டா. எப்பவும் கட்டிக்கினு இருப்பாரு."

"நான் அத கெட்டியா புடிச்சிக்கினு உக்காந்துகிறேன். கீழ யாரோ சிரிக்கிறாங்க. நீதான் போல."

நாற்பத்தாறு வயது ஆள், தட்டின் மேல் குனிந்து திரும்பத் திரும்ப மூச்சை இழுத்தான். கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்தது. ஜெபமணியும் பக்கத்தில் குனிந்தாள். முகத்தில் சூடு பட்டது. வேறொன்றும் வரவில்லை. தம்பிமேல் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"எனுக்கும் சொல்லுடா. எப்பிடி கீது?"

"காரமா... வெல்லம் லேசா தீஞ்ச மாதிரி..." அவன் தடுமாறினான். "சொல்ல வரலக்கா."

"வந்த வரைக்கும் சொல்லு."

சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் மடியில் டப்பாவோடு உட்கார்ந்தாள். சந்திரகிரி தாண்டியதும் ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்தாள். தொண்டை எரிந்தது. உதடு மரத்தது. முன் சீட்டிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"வாசன பலே கீதே. இன்னாம்மா அது?"

ஜெபமணி டப்பாவை அவள் பக்கம் நீட்டினாள்.

"எங்க நைனா போடற பிஸ்கட்டு. எடுத்துக்கோ."