பஸ்ஸில் பட்டயம் கொடுத்த ராஜா

இன்று குமுளி பஸ்ஸில் உட்கார்ந்து நண்பனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் கேமில் பாண்டிய மன்னனாக முப்பது வருடப் போரை ஜெயித்த சந்தோஷம்.

"மலை முழுக்கப் பிடிச்சாச்சுடா! கூட நின்னவனுக்கெல்லாம் நிலத்துக்குப் பட்டயம் எழுதிக் குடுத்துட்டேன்!"

பக்கத்து சீட்டில் இருந்த ஏலக்காய்த் தோட்டத்து அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார் வில்லேஜ் ஆபீஸுங்களா? எங்க நிலத்துப் பட்டய மனுவும் முப்பது வருசமா அங்கதான் கெடக்கு சார்."

அவசரமாகப் போனை வைத்தேன். "ஐயோ அக்கா, இது வெறும் கேம். அதுலதான் நான் ராஜா."

அக்கா சிரித்துவிட்டு யோசித்தார். "அதுல நிலம் எப்படிக் கெடைச்சுச்சு?"

"சண்டை போட்டுத்தான் அக்கா."

"அப்படிச் சொல்லுங்க. நாங்க மனுவாக் குடுத்துட்டு இருக்கோம்!"

அடுத்த போருக்கு அக்காதான் தளபதி. படையில் சேருபவர்கள் கமெண்டில் வரிசையாக நிற்கவும். மனு எழுதிக்கொண்டு வராதீர்கள்.