பரிசத் தட்டைத் திருப்பி எடுத்துப் போன அத்தை

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய சமயத்தில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது. கவரைப்பேட்டையில் ஒரு அரிசி மில்லின் களத்தில் நெல் காய வைக்கும் வேலை பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனவன் என் அத்தை மகன். காக்கிச் சட்டை போட்டு அவன் சைக்கிளில் போவதைத் தெருவே நின்று பார்க்கும். அவனுக்கும் எனக்கும் பரிசம் போட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எல்லோரும் நடவுக்குப் போயிருந்த ஒரு பகலில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். கையைப் பிடித்தான். வேண்டாம் என்றேன். "கட்டிக்கப் போறவன் தான நானு" என்று கதவைச் சாத்தினான். அழுதேன், தள்ளினேன். அவன் கேட்கவில்லை. அதற்கு மேல் விவரம் தேவையில்லை.

அம்மாவிடம் சொன்னேன். என் வாயைப் பொத்தினார். "வெளிய சொல்லாத. தாலி ஏறப் போற நேரம். அவன் மொறப் பையன்டி, அந்நியனா?" என்றார். எனக்கும் குழப்பம். அவன் வாங்கித் தந்த வளையலைப் போட்டுக்கொண்டு சிரித்தவள்தானே நான்? தப்பு என் பக்கம்தானோ என்று களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே யோசிப்பேன். ஆனால் அவன் சைக்கிள் மணி கேட்டாலே கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன். இவனோடு ஆயுசு முழுக்க ஒரே வீட்டிலா என்று நினைத்தபோதுதான் குழப்பம் போய்க் கோபம் வந்தது.

ரவிக்கைக்கு அளவு எடுக்க அத்தை வந்தார். மாமா செத்த பிறகு தனியாக அவனை வளர்த்தவர். அவன் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. யாரிடம் சொல்லவே கூடாதோ, அவரிடமே சொல்லிவிட்டேன்.

"அத்த, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். உம் புள்ள என்ன பலவந்தம் பண்ணிட்டான். வேணாம்னு அழுதேன், அவன் உடவே இல்ல. பரிசத் தட்டுல நீ வெச்சது பொடவயும் பூவும். என் ஒடம்ப யாரும் அதுல வெச்சிக் குடுக்கல."

அறை விழும் என்று நின்றேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடம்புக்கு எதுனா பண்ணுதாம்மா? வலி இருக்குதா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஏன் கதவைத் திறந்தாய் என்று கேட்கவில்லை. என் பிள்ளை அப்படிச் செய்வானா என்றும் கேட்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நர்ஸம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லி, என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிக் கல்யாணம் வேண்டாம் என்றபோது அப்பா தாம் தூம் என்று குதித்தார். "ஊரு இன்னா பேசும்? உம் புள்ளய நீயே காட்டிக் குடுக்கறியா?"

"எம் புள்ளதான்ண்ணா. அதான் நானே வந்துகீறேன். பொண்ணு வேணாம்னு சொல்லிகீது, அவன் கேக்கல. அப்பால இன்னா மொற?"

பரிசத் தட்டைத் திரும்ப வாங்கி, பட்டப்பகலில், துணி போட்டு மூடாமல் தெருவோடு எடுத்துப் போனார். கேட்டவர்களிடமெல்லாம் நின்று, "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. எம் புள்ளதான் சரியில்ல" என்று சொன்னார். அவன் முறைத்துக்கொண்டு எளாவூர் பக்கம் போய்விட்டான். அவன் சம்பளம் வீட்டுக்கு வருவதும் நின்றது. பிறகு அத்தையும் என்னோடு அதே களத்துக்கு நெல் காய வைக்க வந்தார்.

தெரு உடனே வாயை மூடிவிடவில்லை. ஆனாலும் நான் யாருக்கும் பயந்து ஒளியவில்லை. விஷயம் தெரிந்தே ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார், நன்றாகவே வாழ்ந்தோம். போலீஸ், கோர்ட்டு எல்லாம் அன்று எங்களுக்கு எட்டாத தூரம். இன்று எந்தப் பெண்ணாவது இப்படி என்னிடம் வந்து அழுதால், ஸ்டேஷன் வரை நானே கூடப் போகிறேன். வேண்டாம் என்று சொல்ல அன்று எனக்கு வாய் இருந்தது. சொந்தப் பிள்ளையையே இழக்க நேர்ந்தும் அந்தச் சொல்லை ஒருவர் நம்பினாரே, அந்தத் தைரியத்தில்தான் இன்றைக்கும் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.