மண்ணூர்பேட்டைக்காரர் ஒட்டிக்கொண்ட முடி

அம்பத்தூரில் செயற்கை முடி பொருத்தும் கடையில் எனக்கு முதல் தடவை முடி ஒட்டிய அன்று, பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தார். அறுபது வயது இருக்கும். மண்ணூர்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். பேசும்போதெல்லாம் வழுக்கையை உள்ளங்கையால் தடவிக்கொண்டார். மாதா மாதம் கழுவி ஒட்டத் தனிச் செலவு ஆகும் என்று கடைக்காரர் சொன்னதும் சட்டைப்பையிலிருந்த பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்தார். பிறகு, “ஒட்டுப்பா” என்றார்.

என்னிடம் அவராகவே சொன்னார்: “என் ஊட்டுக்காரிக்கு மறதி நோவு சார். ‘யார்யா நீ’ன்னு கேக்குறா. கண்ணாலத்தப்போ எனக்குச் சுருட்டை முடி. அது இருந்தா தெரிஞ்சிக்குவா.”

அடுத்த மாதம் மறுபடி ஒட்டப் போனபோதும் அவர் இருந்தார். கறுத்த சுருட்டை முடியில் எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. “வீட்டம்மா கண்டுபிடிச்சாங்களா?” என்றேன்.

“பாத்ததுமே, ‘இத்தினி நாளா எங்கய்யா பூட்டே’ன்னு கையப் புட்ச்சிகினு அழுதா சார். அப்பால கேக்குறா, ‘இங்க ஒரு சொட்டைத்தலைப் பெரியவர் இருந்தாரே, எனக்குச் சோறு ஊட்டிவுடுவாரே, அவரை ஏன் தொரத்துனே’ன்னு. தெனமும் வாசலையே பாத்துகினு கீறா.”

கடைக்காரர் பழைய பசையைக் கரைத்து முடியை எடுத்துவிட்டு, “திரும்ப ஒட்டட்டுமா?” என்று கேட்டார். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போதும் வழுக்கையை உள்ளங்கையால் தடவிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று அவர் யாராக வீடு திரும்பினார் என்று எனக்கு இன்னும் தெரியாது.